கான்வி கோட்டைக்கு ஒரு மணி நேரம் போதுமா?

வேல்ஸில் இருக்கும் கான்வி கோட்டையை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள், அரை நாளாவது ஒதுக்குங்கள்.

இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் வேல்ஸைப் பிடித்த கையோடு, 1283-இல் கட்ட ஆரம்பித்து நாலே வருடத்தில் பெரும்பாலும் முடித்த கோட்டை இது. மொத்தம் எட்டுப் பெரிய கோபுரங்கள். நேராக மேலே ஏறிவிடாமல், முதலில் ஒரு கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். மரத்தளங்கள் எப்போதோ போய்விட்டன. கணப்படுப்புகள் மட்டும் சுவரில் அந்தரத்தில் நிற்கும். ஒவ்வொரு அடுப்பும் ஒரு மாடி என்று எண்ணிப் பார்த்தால், அங்கே மனிதர்கள் வாழ்ந்த விதம் சட்டென்று பிடிபடும்.

படிகள் குறுகலான சுழற்படிகள். மழை பெய்தால் வழுக்கும், நல்ல ஷூ அவசியம். மூட்டுவலி உள்ள பெரியவர்கள் முற்றத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அப்புறம், ஊர் மதிலை விட்டுவிடாதீர்கள். சுமார் 1.3 கிலோமீட்டர் நீளம், 21 கோபுரங்கள். மேலே நடக்கக் கட்டணம் கிடையாது. தெற்குப் பக்கத்தில் 12 கழிப்பிடங்கள் மதிலுக்கு வெளியே வரிசையாகத் துருத்திக்கொண்டிருக்கும், தேடிப் பாருங்கள்.

ரயில் நிலையம் மதிலுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் எல்லா ரயிலும் அங்கே நிற்காது. உங்கள் ரயில் நிற்காவிட்டால், பக்கத்து நிலையமான லாண்டுட்னோ ஜங்ஷனில் இறங்கி, ஆற்றுப்பாலம் வழியாக நடந்தே வரலாம்.