ஏப்ரல் முடிந்தபின் ஆல்ப்ஸ் கிராமங்களில் என்ன நடக்கிறது?

பனிச்சறுக்கு முடிந்து கோடை தொடங்கும்வரை சுவிஸ் மலைக் கிராமங்கள் தூங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தூங்குவது ஓட்டல்கள்தான். மியூரன் போன்ற ஊர்களில் மே மாதம் பல ஓட்டல்கள் பூட்டியிருக்கும். ரோப்கார்களில் வடம், பிரேக் சோதனை நடக்கும்.

விவசாயிக்கோ மூச்சுவிட நேரமிருக்காது. பனிச்சரிவு இழுத்துவந்த கல்லைப் புல்வெளியிலிருந்து பொறுக்காவிட்டால் புல் அறுக்கும் இயந்திரத்தின் கத்தி உடையும். இலையுதிர்காலத்தில் பிடுங்கிவைத்த வேலியை மறுபடி நட வேண்டும் (குளிர்காலத்தில் விட்டுவைத்தால், சரிவில் மெல்ல நகரும் பனி முறித்துவிடும்). பசுக்களை ஒரேயடியாகப் பசும்புல்லுக்கு மாற்றினால் கழிச்சல், வயிற்று உப்புசம். அதனால் முதல் சில நாள் ஓரிரு மணி நேரமே மேய்ச்சல், மீதிக்கு உலர்புல். உயர மேய்ச்சல் நிலங்களுக்கு ஏற்றுவது பெரும்பாலும் ஜூனில்தான்.

அறை மலிவு என்று மே மாதம் கிளம்புபவர்கள் ரோப்கார் பராமரிப்புத் தேதிகளை முதலில் பாருங்கள். 2,000 மீட்டருக்கு மேல் நடைபாதைகளில் அப்போதும் பனி கிடக்கும்.