ஒட்டுக் கட்டாத மரம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

சிங்கப்பூரில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். தேவகோட்டைக்குத் தெற்கே எங்கள் பங்குக்கு 11 ஏக்கர் செம்மண் நிலம் வந்திருக்கிறது. இப்போது தைலமரம் நிற்கிறது. அடுத்த வெட்டு முடிந்ததும் அதை வேரோடு எடுத்துவிட்டுப் பழ மரமோ கொட்டை மரமோ வைக்க ஆசை. இங்கே கடைகளில் பாதாம் கலிபோர்னியாவிலிருந்து வருகிறது, மெக்கடாமியா ஆஸ்திரேலியாவிலிருந்து, முந்திரி வியட்நாமிலிருந்து, கிவி நியூசிலாந்திலிருந்து. இவ்வளவு வெயிலும் மண்ணும் உள்ள நாம் ஏன் இதை ஒரு தொழிலாக வளர்க்கவில்லை? அரசின் கொள்கைக் கோளாறா? மெக்கடாமியா நம்மூரில் வருமா? சொட்டுநீருக்கு மானியம் உண்டா? உங்களைப் போன்றவர்கள் இதையெல்லாம் எழுதுவதில்லையே என்ற வருத்தமும் உண்டு.

பழ., சிங்கப்பூர்

அன்புள்ள பழ.,

இனிஷியலிலேயே பழத்தை வைத்திருக்கிறீர்கள். அதற்காக மட்டும் பதில் எழுதவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று நான் ஒரு மாமரத்தை நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் சில்லறையை முடித்துவிடுவோம். மெக்கடாமியா வராது. சரி, முளைக்கும், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டலாம். அது ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை மழைக்காட்டு மரம். வேர் ஆழமாக இறங்காது, மழை பரவலாக வேண்டும். நமக்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டிவிட்டு மிச்ச மாதமெல்லாம் வானம் வெளுத்துக் கிடக்கும். அந்தச் செடி செம்புராங்கல் தரையில், தேவகோட்டைச் சித்திரையில் நிற்பதைப் பார்க்க எனக்கு மனசு வராது. பாதாமுக்குக் குளிர்காலம் வேண்டும், உறங்கி எழுந்தால்தான் பூக்கும். பிஸ்தாவும் அப்படியே. அதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு என்ற தொல்லையும் உண்டு. சொட்டுநீர் மானியத்துக்கு வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள். எழுத்தாளனிடம் மானியம் கேட்கிற ஆட்கள் நாம்தான். கொள்கைக் கோளாறு இருக்கலாம். அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் வேண்டாம்.

உங்கள் பட்டியலில் கிவி வந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன்.

கிவி நியூசிலாந்துப் பழமே கிடையாது, தம்பி. சீனாவின் கொடி. இசபெல் ஃப்ரேசர் என்ற நியூசிலாந்துப் பள்ளித் தலைமை ஆசிரியை சீனாவிலிருந்த சகோதரியைப் பார்க்கப் போய்விட்டு 1904இல் ஊர் திரும்பும்போது கொஞ்சம் விதை கொண்டுவந்தார். 1910இல் அந்தக் கொடி காய்த்தது. அப்புறம் ஆக்லாந்தில் ஹேவர்ட் ரைட் என்ற நாற்றுப்பண்ணைக்காரர், தன்னிடம் வளர்ந்த நாற்றுகளில் ஒன்றின் பழம் பெரிதாகவும் நாள்பட வைத்தாலும் கெடாமலும் இருப்பதைக் கண்டு அதை ஒட்டுக் கட்டி, அதாவது அதன் குச்சியை வெட்டி வேறு கன்றின் அடியில் பொருத்தி, பெருக்கினார். நீங்கள் சிங்கப்பூர்க் கடையில் எடுக்கிற பச்சைக் கிவி பெரும்பாலும் அந்த ஹேவர்ட் ரகம்தான். ஒரு நாட்டின் பழத் தொழில் ஒரு பொட்டலம் விதையிலும் ஓர் ஆளின் கத்தியிலும் தொடங்கியிருக்கிறது.

அதே காலத்தில் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன செட்டிநாட்டு நம்மவர்கள் கப்பலில் என்ன ஏற்றி வந்தார்கள்? பர்மாத் தேக்கு. பெல்ஜியம் கண்ணாடி. இத்தாலிப் பளிங்கு. ஜப்பான் பூக்கல். ஸ்வீடன் எனாமல் சட்டி. செட்டிநாட்டில் நான் நுழையாத வளவு வீடு குறைவு. எந்த வீட்டு முகப்பில் மாட்டிய படத்துக்கு அடியிலும், 'இன்னார் மடியில் நாலு விதை முடிந்துகொண்டு வந்து ஊருக்குக் கொடுத்தார்' என்று எழுதி நான் பார்த்ததில்லை. மலாயாவில் ரப்பர்த் தோட்டம் வாங்கத் தெரிந்தது. அந்த ரப்பரே 1876இல் பிரேசிலிலிருந்து லண்டனுக்குப் போய் அங்கிருந்து ஆசியாவுக்கு வந்த விதைதான். வட்டிக்கு வட்டி தெரிந்த ஆட்களுக்கு, ஒரு கிளை நூறு மரமாகிற கணக்கு மட்டும் ஏன் பிடிபடவில்லை? கோபமாகக் கேட்கவில்லை. இல்லை, கோபமாகத்தான் கேட்கிறேன், அந்தப் படங்களில் ஒன்றில் என் ஐயாவும் (அப்பாவின் அப்பா) இருக்கிறார்.

நீங்கள் ஆசைப்படுகிற மெக்கடாமியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலிய மரத்தைப் பெரிய தொழிலாக்கிக் காட்டியது ஹவாய். தொடக்கத்தில் கொட்டை போட்டு வளர்த்தார்கள். ஒரு மரம் மாதிரி இன்னொரு மரம் இல்லை. ஒன்றில் ஓடு தடித்தது, ஒன்றில் பருப்பு சூம்பியது. ஒட்டுக் கட்டினால் பிடிக்கவும் இல்லை. 1930களில்தான் அங்கே பல்கலைக்கழகத்தில் வழி கண்டார்கள். குச்சி எடுக்கப்போகிற கிளையில் முன்கூட்டியே பட்டையை மோதிரம் போல உரித்துவிடுவது. இலையில் உண்டான சத்து கீழே இறங்க முடியாமல் அந்தக் கிளையிலேயே தேங்கும். அந்தக் குச்சியைக் கட்டினால் பிடிக்கும். பிறகு ஆயிரக்கணக்கான நாற்று மரங்களுக்குள் அலசி 1948இல் ஐந்து ரகத்துக்குப் பெயர் வைத்தார்கள். ஆஸ்திரேலியாக்காரர்கள் தங்கள் சொந்த மரத்தை ஹவாயிலிருந்து ஒட்டு ரகமாக வாங்கி நட்டார்கள். யோசித்துப் பாருங்கள், நம் வீட்டுப் பெண்ணை நாமே சீர் கொடுத்துக் கூட்டிவருவது போல.

நம்மிடமும் இது நடக்காமல் இல்லை. பண்ருட்டிக்குப் பக்கத்தில் பணிக்கன்குப்பத்தில் கண்ட ஒரு பலா மரத்திலிருந்து வந்ததுதான் பாலூர்-1 என்ற பலா ரகம். பெரியகுளத்தில் தேர்ந்தெடுத்த பி.கே.எம்.-1 புளி, ஒட்டுக் கன்றாக வைத்தால் நாலைந்து வருடத்தில் காய்க்கிறது. கொட்டை போட்ட புளிக்கு எட்டுப் பத்து வருடம் வாய் பார்க்க வேண்டும். உங்கள் 11 ஏக்கருக்கு என்னைக் கேட்டால் புளியும் முந்திரியும்தான் சொல்வேன். இதைக் கேட்டதும் உங்கள் முகம் வாடுவது இங்கிருந்தே தெரிகிறது. புளி என்றால் இன்ஸ்டாகிராமில் போட முடியாது, இல்லையா?

வியட்நாம் முந்திரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2006 வாக்கில் பருப்பு ஏற்றுமதியில் அவர்கள் நம்மை முந்தினார்கள், உண்மை. ஆனால் அவர்களும் ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை இறக்குகிறார்கள், நாமும் இறக்குகிறோம். அது இயந்திரத்தின் கதை, இன்னொரு நாள் பேசலாம். தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை வரும்போது ஆதனக்கோட்டையில் நான் எப்போதும் வண்டியை நிறுத்துவேன். சட்டியில் வறுக்கும்போது கொட்டை ஓட்டின் எண்ணெய் குபீரென்று பற்றி எரியும். கையில் சாம்பலைத் தடவிக்கொண்டு, கட்டையால் ஒரே தட்டு. உடையாத முழுப் பருப்பு தனி, பாதி தனி. ஏற்றுமதிக்காரர் டபிள்யூ-320 என்பார், பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு நிற்கும் தரம். அங்கே ஓர் அம்மாவிடம் கேட்டேன், உங்கள் மரத்தில் பருப்பு பெரிதாக இருக்கிறதே என்று. "இது மேற்கால நிக்கிற ஒத்த மரத்துக் கொட்டை, தம்பி. மத்ததெல்லாம் பொடிசு" என்றார். அந்த ஒற்றை மரத்தில் யாராவது குச்சி எடுத்தார்களா என்று கேட்டேன். ஒரு பொட்டலம் வாங்குகிறவன் இவ்வளவு கேள்வி கேட்கிறானே என்பது போலப் பார்த்தார்.

ஒட்டுக் கன்று என்று சொன்னாலே நம்பிவிடவும் கூடாது. பல வருடங்களுக்கு முன்னால் ஊருக்கு வேனில் வந்தவரிடம் ஆறு ஒட்டு மாங்கன்று வாங்கினேன். ஐந்து வருடம் தண்ணீர் ஊற்றினேன். காய்த்தது பார்த்தால் நாரும் புளிப்பும், ஆறில் நாலு அப்படி. விவரம் தெரிந்த ஒருவர் வந்து அடிமரத்தைத் தடவிப் பார்த்துச் சொன்னார், மேலே கட்டிய குச்சி எப்போதோ செத்துவிட்டது, ஒட்டுக்குக் கீழே துளிர்த்த வேர்ச்செடியை, ஒட்டைத் தாங்க வைத்த அடிக்கன்றைத்தான் இவ்வளவு நாளும் வளர்த்திருக்கிறேன் என்று. அந்தத் துளிரை அப்போதே கிள்ளியிருக்க வேண்டும். வேன்காரரையும் திட்டினேன், என்னையும் திட்டிக்கொண்டேன்.

இப்போது அந்த மாமரம்.

எங்கள் ஐயா பர்மாவின் மோல்மீனில் ஒரு கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளாக, இருந்தவர். வளவின் பின்கட்டில், கிணற்றை ஒட்டி, அவர் காலத்து மாமரம் ஒன்று நின்றது. அப்பத்தா அரிசி களைந்த தண்ணீரெல்லாம் அதற்குத்தான். பழம் கைக்குள் அடங்கும். பழுத்தாலும் நிறம் மாறாது, கரும்பச்சையாகவே தொங்கும். காம்படியில் கட்டைவிரலால் அமுக்கினால்தான் தெரியும். அதனால் அப்பத்தா அதற்கு 'பொய்க்காய்' என்று பெயர் வைத்திருந்தார். நார் ஒரு இழை கிடையாது. தோலை உரித்துவிட்டுச் சாப்பிட்டால் கொட்டை சப்பி முடித்தபிறகும் விரலில் வாசம் மறுநாள் வரை இருக்கும்.

ஐயா பர்மாவிலிருந்து வெற்றிலைப் பெட்டிக்குள் கொட்டையை வைத்துக் கொண்டுவந்தார் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. நான் அதை நம்பவில்லை. பர்மா, சயாம் பக்கத்து மாங்கொட்டை பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட முளை விடும், கன்றும் தாயைப் போலவே வரும். நம் மாங்கொட்டை ஒற்றை முளை, பிள்ளை எப்படிப் பிறக்கும் என்று சொல்ல முடியாது. அப்பத்தா பங்காளிகள் வீட்டுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் கொட்டை கொடுத்தார். எட்டு வீட்டில் முளைத்தது. எட்டு வீட்டிலும் எட்டு விதமாகக் காய்த்தது. ஒன்றுகூடப் பொய்க்காய் இல்லை. "என் கை ராசி அப்படி" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார், பாவம். ராசிக்கு அதில் வேலையே இல்லை, மூன்று ரூபாய்க்கு ஒரு பிளேடு இருந்தால் போதும் என்று எனக்கு அப்போது தெரிந்திருந்தால் அந்த ஒரு வருத்தமாவது அவருக்கு இல்லாமல் போயிருக்கும்.

வளவுக்குப் பதிமூன்று பங்கு. போன வருடம் தூண்களையும் நிலைகளையும் விற்றார்கள். 'றார்கள்' என்ன, நானும் கையெழுத்துப் போட்டேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இப்போது எங்கள் வீட்டுக் கதவுக்கு யாரோ விலை கேட்டுக்கொண்டிருப்பார்கள். தேக்கு ஏற்ற வந்த லாரி பின்வாசல் வழியாக ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருந்தது, மரம் இடைஞ்சலாக நின்றது. வாட்ச்மேன் போன் செய்தபோது நான் சென்னையில் இருந்தேன். மறுநாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். அடிமரம் போய்விட்டது. கிளைகள் கிணற்றடியில் குவிந்து கிடந்தன, இலை சுருண்டிருந்தது.

கிடைத்த குச்சிகளை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நத்தம் பக்கம் ஒட்டுக் கட்டுகிற ஒருவரிடம் ஓடினேன். அவர் ஒரு குச்சியை எடுத்து நுனி மொட்டை நகத்தால் நெருடிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். ஆனாலும் கட்டினார். வேர்ச்செடியின் தலையை வெட்டி நடுவில் பிளந்தார். குச்சியின் அடியை இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரிச் சீவினார், இரண்டே இழுப்பு. பட்டையோடு பட்டை சேர்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துச் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டி, குச்சி ஐஸ் விற்கிற நீளமான உறையை மேலே தொப்பியாகக் கவிழ்த்தார். இருபது கட்டினார்.

கட்டிக்கொண்டே சொன்னார், "பத்து நாளைக்கு முன்னாடியே இலையைக் கிள்ளி விட்டிருக்கணும் சார். அப்பத்தான் மொட்டு முழிக்கும். மரம் சாகப்போறது பத்து நாளைக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு ஆறு மாதமாகியிருந்தது.

இருபதில் ஒன்றும் பிடிக்கவில்லை.

அதனால்தான், பழ., மெக்கடாமியா வருமா என்று நீங்கள் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. சூப்பர் மார்க்கெட் அலமாரியைப் பார்த்து மரம் தேடுகிறீர்கள். உங்கள் தேவகோட்டை வீட்டுப் பின்கட்டில் என்ன நிற்கிறது? மாவா, பலாவா, நெல்லியா? அதன் ருசி உங்களுக்கு நினைவிருக்கிறதா? சாவி யாரிடம் இருக்கிறது? 11 ஏக்கரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய நீங்கள் வீட்டைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. பூட்டித்தான் கிடக்கிறது என்று ஊகிக்கிறேன். விற்கப் பேச்சு நடக்கிறது என்றும்.

நல்ல மரம் ஏதாவது இருந்தால் ஆவணியில் ஆள் அனுப்புங்கள். பூக்காத, பென்சில் பருமனுள்ள நுனிக்கிளையாகப் பார்த்து, இலையை மட்டும் கிள்ளிவிட்டுக் காம்பை விட்டுவிடச் சொல்லுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் காம்பு தானாக உதிரும், மொட்டு பருக்கும். அப்போது விடிகாலையில் வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, அன்றைக்கே கட்ட வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் எனக்கு எழுதுங்கள், நத்தத்துக்காரரின் எண் தருகிறேன். கொஞ்சம் திட்டுவார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பத்தா கொட்டை கொடுத்த எட்டு வீட்டு மரங்களில் புதுவயலில் ஒன்று இன்னும் இருக்கிறது. புளிப்பு கூடுதல், லேசாக நார் உண்டு, பழுத்தால் மஞ்சளாகிவிடும். ஆனால் விரலில் வாசம் மட்டும் நிற்கிறது. போன ஆவணியில் அதில் ஆறு குச்சி எடுத்துக் கட்டினோம். இரண்டு துளிர்த்திருக்கிறது.

அன்புடன்,
அண்ணன்