எம்எக்ஸ்-5: நிலையான விளக்கில் ஒளி சிதறுவது குறித்து

வணக்கம். உங்கள் 1992ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் பானெட்டிலிருந்து மேலெழும் முன்விளக்குகளை அகற்றி, அந்தக் குழியிலேயே புரொஜெக்டரை (வில்லை வழியே ஒளியைக் குவித்து வீசும் விளக்கை) நிலையாகப் பொருத்திப் பாலிகார்பனேட் என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக்கில் மூடி போட்டதிலிருந்து ஒளி சிதறுவதாக எழுதியிருந்தீர்கள். புரொஜெக்டரைக் குறைசொல்லும் முன் மூடியைக் கவனியுங்கள். பானெட்டின் சரிவோடு படுத்திருக்கும் மூடியில் ஒளி மிகச் சாய்வாகப் படுவதால் ஒரு பங்கு மேற்பரப்பிலேயே தெறித்துவிடுகிறது. சூடாக்கி வளைத்தபோது தடிமன் சீராக அமையாவிட்டால் மீதியும் கோணிப்போகும். மூடியைக் கழற்றி, இரவில் பலமாடிக் கார் நிறுத்துமிடச் சுவரில் ஒளியின் மேல்விளிம்பைப் பார்த்தால் ஐயம் தீரும். சிங்கப்பூரில் அவ்விளிம்பு இடப்பக்கம் உயர வேண்டும். புரொஜெக்டர் அமெரிக்காவிலிருந்து தருவித்ததென்றால் வலப்பக்கம் உயர்ந்து எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். உயரத்தையும் அளந்துவிடுங்கள்: வாகன விளக்குகள் பற்றிய ஐநா விதி 48, தாழ்ஒளி (லோ பீம்) விளக்கின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 500 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறது. அடுத்த மூடியை வளைக்கும் முன், இந்த மாற்றத்துக்கு அனுமதி உண்டா என்று நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவு பழைய கார் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போயாக வேண்டுமே.