‘மறந்துவிட்டேன்’ என்று எழுதிக் கொடுத்தால்

கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து ஒரு வாசகர், வக்கீலான எனக்கு நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். சுருக்கம் இதுதான். அவருடைய அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, வயது 71. சிங்கப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போக விமான நிலையம் போயிருக்கிறார்கள். கையில் இருந்தது, ஐயா (அப்பச்சியின் அப்பா) மலேயாவிலிருந்து கொண்டுவந்த பழைய தோல் பை. எக்ஸ்ரே மெஷினில் பை நின்றுவிட்டது. கிழிந்த உள்துணிக்கு அடியில் ஒரு ‘12 போர்’ வேட்டைத் துப்பாக்கித் தோட்டா. கட்டைவிரல் பருமன், நிறம் மங்கிய அட்டைக்கூடு, பித்தளை அடியில் பச்சைக் களிம்பு.

விமானம் போய்விட்டது. ஆயுதச் சட்டத்தில் எஃப்ஐஆர் போட்டு, கைது செய்யாமல், விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்று மணி நேரம் நிற்க வைத்தார்கள், தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, புரியாத மொழியில் அதட்டினார்கள், டிக்கெட் பணமும் திரும்ப வரவில்லை என்று மகன் கொதிக்கிறார். பாதுகாப்புப் படையினர் மீதும் விமான நிறுவனத்தின் மீதும் வழக்குப் போட வேண்டுமாம். ஐயாவின் துப்பாக்கி லைசென்ஸ் புத்தகம் பெட்டகத்தில் கிடைத்திருக்கிறது, அதை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தால் வழக்கு முடிந்துவிடும் என்று தெரிந்த ஏட்டு ஒருவர் சொல்கிறார், கொடுக்கலாமா என்றும் கேட்கிறார்.

வாசகரே, நீங்கள் எழுதிய நான்கு பக்கத்தில் எனக்கு வேண்டியது மூன்றாம் பக்கத்தின் ஒரு வரி. “அங்கேயே ஒரு தாளில், ‘இது எங்கள் அப்பச்சி காலத்துத் தோட்டா, பையில் இருந்ததை மறந்துவிட்டேன், மன்னிக்கவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.”

வழக்கு முழுவதும் அந்த ‘மறந்துவிட்டேன்’ என்ற சொல்லில் இருக்கிறது. தோட்டா பையில் இருந்தது என்பது மட்டும் குற்றம் ஆகாது. இருப்பது தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1972-இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. 1994-இல் சஞ்சய் தத் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வும் இதையே உறுதி செய்தது. ‘தெரியாது’ என்றால் குற்றத்தின் ஒரு கால் இல்லை. ‘மறந்துவிட்டேன்’ என்றால் ஒரு காலத்தில் தெரியும் என்று நீங்களே சொன்னதாக அரசுத் தரப்பு வாதிடும். பதறிப்போன ஒரு பெரியவர் மரியாதைக்கு எழுதிய சொல் அது என்று எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் தாள் இப்போது கேஸ் கட்டில் இருக்கிறது. வழக்குத் தொடர மாவட்ட மாஜிஸ்திரேட் அதிகாரத்தில் இருப்பவரின் முன் அனுமதி வேண்டும் என்கிறது ஆயுதச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு. அனுமதி கொடுப்பவரும் அந்தத் தாளைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.

அதனால் முதலில் நான் அப்பச்சியிடம் தனியாகப் பேச வேண்டும். நீங்கள் பக்கத்தில் இருக்கக்கூடாது. உண்மையிலேயே தெரியாதா என்று கேட்பேன். தெரியாதென்றால், பை யாருடையது, எத்தனை வருடமாக எந்த அறையில் கிடந்தது, யார் இறக்கித் துடைத்தது, யார் துணி அடுக்கியது என்று எல்லாவற்றையும் விளக்கமாக எழுதி விசாரணை அதிகாரிக்குக் கொடுக்க வேண்டும். அப்புறம் அந்த சிசிடிவி பதிவு. உங்களை நிற்க வைத்ததைக் காட்ட அதைக் கேட்கிறீர்கள். எனக்கு வேண்டியது, உள்துணியைக் கிழித்துத் தோட்டாவை எடுத்த நொடியில் அப்பச்சியின் முகம். நாள் போனால் பதிவு அழிந்துவிடும். அதைப் பாதுகாத்து வைக்கச் சொல்லி இன்றைக்கே எழுத்தில் கேளுங்கள்.

அவமானப்படுத்தினார்கள் என்ற புகாரை விட்டுவிடுங்கள். 1984 ஆகஸ்ட் 2-ஆம் தேதி இரவு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பெட்டிக்குள் இருந்த குண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அடுத்த வருடம் ஜூனில் கனிஷ்கா விமானம் நடுவானில் வெடித்து 329 பேர் போனார்கள். அதற்குப் பிறகுதான், 1987-இல், சிவில் விமானப் பாதுகாப்பு அமைப்பு தனித்துறை ஆனது. திரையில் தோட்டா தெரிந்தால், வயதானவர் பாவம் என்று விட்டுவிடும் அதிகாரம் அங்கே நிற்கும் பையனுக்குக் கிடையாது. அவன் பையை நிறுத்தியது சரி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி அந்த லைசென்ஸ் புத்தகம். இதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன். தயவுசெய்து அதை யாரிடமும் இப்போது கொடுக்காதீர்கள்.

புத்தகத்தைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர் கேட்கும் அடுத்த கேள்வி, “துப்பாக்கி எங்கே?” என்பதுதான். லைசென்ஸ் ஐயாவோடு முடிந்துவிட்டது. லைசென்ஸ் இல்லாமல் கையில் இருக்கும் ஆயுதத்தைத் தேவையற்ற தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21-ஆம் பிரிவு. ஒப்படைத்த ரசீது இருந்தால் உங்களுக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. துப்பாக்கியை முறையாகக் கொடுத்த குடும்பம், ஒரே ஒரு தோட்டா கண்ணில் படாமல் தங்கிவிட்டது என்ற கதை அப்படியே நிற்கும். ரசீது இல்லையென்றால்?

நம் ஊர் வீடுகள் உங்களுக்குத் தெரியும். வளவு என்னும் நடு முற்றத்தைச் சுற்றி பங்காளிக்கு ஒரு அறை. பாதி அறைகள் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோதான் திறக்கும். சாவி சென்னையில் ஒருவரிடம், கோலாலம்பூரில் ஒருவரிடம். இப்படித்தான் என்னிடம் வந்த ஒருவர், ஒரு தோட்டா வழக்குக்காக லைசென்ஸைப் பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். மறுவாரம் வீட்டைச் சோதனை போட்டார்கள். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் பூட்டிக்கிடந்த அறையில், வேட்டியில் சுற்றிய இரட்டைக்குழல் துப்பாக்கி. அவர் மட்டுமா மாட்டினார்? அந்த அறைக்குப் பங்குள்ள சித்தப்பாவும் மாட்டினார். இன்னொருவர் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக் காரில் போட்டு, தானே ஒப்படைக்கப் புறப்பட்டுவிட்டார். வழியில் வாகனச் சோதனை. லைசென்ஸ் இல்லாமல் எடுத்துப்போவதும் குற்றம்தானே! மூன்றாமவர் மிச்சத் தோட்டாக்களை ராத்திரியில் ஊருணியில் வீசினார். அது தடயத்தை அழித்த கணக்கில் வந்தது.

ஆகவே பங்காளிகளைக் கூப்பிட்டுப் பேசி, அறைகளைத் திறந்து பாருங்கள். ஏதாவது இருந்தால் தொடாதீர்கள், இடம் மாற்றாதீர்கள். எனக்குச் சொல்லுங்கள். வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி வக்கீல் மூலம் காவல் நிலையத்துக்கு எழுதித் தருவோம். தானாக முன்வந்து சொன்ன குடும்பத்தையும் சோதனையில் பிடிபட்ட குடும்பத்தையும் நீதிமன்றம் ஒரே தராசில் வைப்பதில்லை.

“ஒத்துக்கொண்டு அபராதம் கட்டிவிட்டால் என்ன?” என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதற்கான 25(1பி)(ஏ) பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தபட்சத் தண்டனை இரண்டு வருடம் சிறை, அதிகபட்சம் ஐந்து. சிறப்புக் காரணம் எழுதி நீதிபதி குறைக்கலாமே தவிர, அபராதத்தோடு முடியும் பிரிவு இது இல்லை. ஒற்றைத் தோட்டா குற்றமே ஆகாது என்று, விலக்குகளைச் சொல்லும் 45-ஆம் பிரிவைக் காட்டி யாராவது தைரியம் சொன்னால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். உயர் நீதிமன்றங்கள் இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கின்றன. நம் வழி, தெரியாது என்பதைக் காட்டி, அனுமதி கட்டத்திலேயே நிறுத்தப் பார்ப்பது. முடியாவிட்டால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கை ரத்து செய்யக் கேட்பது.

பாஸ்போர்ட் விஷயத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. குற்றப்பத்திரிகையை நீதிமன்றம் கோப்பில் எடுத்துக்கொண்டால் வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று பொருள். அதன் பிறகு புதுப்பிக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும். மத்திய அரசின் 1993 ஆகஸ்ட் 25 அறிவிக்கையின்படி, உத்தரவில் காலம் சொல்லவில்லையென்றால் ஒரு வருடத்துக்குத்தான் பாஸ்போர்ட் கிடைக்கும். இந்தச் சிரமத்துக்குப் பயந்து விண்ணப்பத்தில் ‘வழக்கு இல்லை’ என்று டிக் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையை மறைத்ததற்கு இரண்டாவது வழக்கு வந்தது. இப்போது அப்பச்சி பயணம் போகச் சட்டப்படி தடை இல்லை. ஆனால் நோட்டீஸில் சொன்ன நாளில் ஆஜராகாமல் பறந்துவிட்டால், கைது செய்ய நீங்களே காரணம் கொடுத்தது ஆகும்.

விமான நிறுவனத்தோடு சமாதானமாகப் போங்கள். பாதுகாப்புச் சோதனையில் பயணி நின்றுபோனதற்கு அவர்கள் இழப்பீடு தர வேண்டியதில்லை. ஆனால் பயணம் செய்யாத டிக்கெட்டில் வாங்கிய வரியையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. ஒரு மின்னஞ்சல் போட்டு அதை வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள். நுகர்வோர் நீதிமன்றம் போனால் அப்பச்சி பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். கோபத்தில் எழுதும் அதில் பையைப் பற்றியும் தோட்டாவைப் பற்றியும் ஒரு வரி பிசகினால் குற்ற வழக்கில் அதையே எடுத்து நீட்டுவார்கள். சில ஆயிரம் ரூபாய்க்கு அந்த ஆபத்து வேண்டாம்.

நோட்டீஸ் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் அப்பச்சியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பை கிடந்த அறையின் சாவி எந்த வருடத்திலிருந்து யார் யாரிடம் இருந்தது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துவாருங்கள்.