எஸ்.ஏ.டி. மறுபடி எழுதினால் மதிப்புக் குறையுமா?

வணக்கம் சகோதரி. அமெரிக்கா வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, பெண் பதினோராம் வகுப்பு, கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வை மார்ச்சில் எழுதி கணக்கில் 710, ஆங்கிலத்தில் 580, மொத்தம் 1290, மறுபடி எழுதினால் கல்லூரியில் மட்டமாக நினைப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். நினைக்க மாட்டார்கள், தாராளமாக எழுதட்டும். அரியர் எழுதுகிறவன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டே, அந்தப் பயத்தோடுதான் நானும் வந்தேன். இங்கே பதினோராம் வகுப்பில் ஒரு தடவை, பன்னிரண்டு தொடங்கும் ஆகஸ்டில் இன்னொரு தடவை எழுதுவது ரொம்பச் சாதாரணம்.

பல கல்லூரிகள் சூப்பர்ஸ்கோர் பார்க்கும். அதாவது இரண்டு பகுதியிலும் எந்தத் தேதியில் அதிகமோ அதை எடுத்துக் கூட்டிக்கொள்வார்கள். ஆகஸ்டில் அவளுக்கு ஆங்கிலம் 650 ஆகி, கணக்கு 690க்கு இறங்கினாலும் 1360 என்றுதான் எடுப்பார்கள். அதனால் இந்தக் கோடையில் ஆங்கிலத்துக்கே அதிக நேரம் கொடுங்கள். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் மாதிரி சில இடங்களில் எழுதிய எல்லா மதிப்பெண்ணையும் கேட்பார்கள், எம்.ஐ.டி.யில் 2022இல் தேர்வை மறுபடி கட்டாயமாக்கிவிட்டார்கள், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் (யு.சி.) கல்லூரிகளில் சேர்க்கைக்கு இந்த மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. எனவே முதலில் கல்லூரிப் பட்டியலைப் போடுங்கள்.

ஆனால் ஒன்று. சும்மா மறுபடி போய் உட்கார்ந்தால் மதிப்பெண் ஏறாது. என் பையன் முதல் தடவை 1310, இரண்டு மாதம் கழித்து 1300. இடையில் வாரத்துக்கு ஒரு மாதிரித் தேர்வு எழுதினான், எதையும் திரும்பிப் பார்க்கவில்லை, நானும் பார்க்கச் சொல்லவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்து தப்பான கேள்விகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதினோம், பார்த்தால் பாதிக்கு மேல் நிறுத்தக்குறிக் கேள்விகள், மீதி அவசரத்தில் விட்டவை. இப்போதைய டிஜிட்டல் தேர்வில் ஒவ்வொரு பகுதியும் இரண்டு மாட்யூல், அதாவது இரண்டு பாகம். முதலாவதை எப்படிச் செய்கிறோமோ அதை வைத்துத்தான் இரண்டாவது எளிதாகவோ கடினமாகவோ வரும், எளிதானது வந்துவிட்டால் எல்லாம் சரியாகப் போட்டாலும் மதிப்பெண் ஓர் அளவுக்கு மேல் போகாது. அவன் முதல் மாட்யூலைத்தான் வேகமாக முடித்துக்கொண்டிருந்தான். அதை நிதானமாகச் செய்யப் பழகிய பிறகு மூன்றாவது தடவை 1430.

காசு கொட்டிக் கோச்சிங் சேர்க்க வேண்டியதில்லை. தேர்வு எழுதும் புளூபுக் செயலியிலேயே மாதிரித் தேர்வுகள் இருக்கின்றன, கான் அகாடமி என்ற பாட இணையதளமும் இலவசம். தப்பான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள், எதையும் காலியாக விட வேண்டாம் என்று சொல்லுங்கள். மூன்று தடவைக்கு மேல் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், பிள்ளை சலித்துப்போகும்.

ஆகஸ்டு தேர்வுக்குப் பதிவு திறந்ததுமே செய்துவிடுங்கள். எங்களுக்குப் பக்கத்து மையங்கள் எல்லாம் நிரம்பிப்போய், விடியற்காலையில் இரண்டு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போனோம்.