அமெரிக்க லாரி நிறுவனங்கள் ஸ்பானிஷும் தெரிந்த ஓட்டுநர்களைத் தேடித் தேடி எடுப்பது ஏன்?

ஸ்பானிஷ் மட்டும் தெரிந்தால் வேலை கிடைக்குமா என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். நெடுந்தூர வண்டி என்றால் கிடைக்காது. 'இருமொழி ஓட்டுநர் தேவை' என்ற விளம்பரம் ஸ்பானிஷைக் கேட்கும்; சட்டம் ஆங்கிலத்தைக் கேட்கும்.

டெக்சாஸ் மாநிலத்து லாரெடோவில், ஒரு சரக்கு நிறுவனத்தில் லாரிகளுக்குச் சுமை ஒதுக்கும் மேசையில் இருக்கிறேன். இந்த ஊரின் பிழைப்பே எல்லைதான். 2024-ல் ஏறக்குறைய 30 லட்சம் லாரிகள் இதன் வழியாக மெக்சிகோவிலிருந்து உள்ளே வந்தன. மெக்சிகோவின் மான்டெர்ரே நகரில் கிளம்பும் லாரி அப்படியே சிகாகோ போய்ச் சேரும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் மூன்று கை மாறும். மெக்சிகோ ஓட்டுநர் அந்தப் பக்கத்து நுவேவோ லாரெடோ வரை கொண்டுவருவார். பாலத்தைக் கடப்பதற்கென்றே இருக்கும் 'டிரான்ஸ்ஃபர்' லாரி, டிரெய்லரை இந்தப் பக்கம் இழுத்துவந்து விடும். அதற்கு மேல் அமெரிக்க ஓட்டுநரின் பாடு. ஒவ்வொரு கை மாறும்போதும் முத்திரை எண் பொருந்தவில்லை, சுங்கத் தாளில் பிழை, டயரில் வெட்டு என்று ஏதாவது ஒரு பேச்சு வரும். அது ஸ்பானிஷில்தான் நடக்கும். அதுவும் எல்லைப்புற ஸ்பானிஷ்: லாரி 'டிரோக்கா', ஓட்டுநர் 'டிரோக்கேரோ', வண்டி நிறுத்தும் இடம் 'யார்தா'. வகுப்பில் ஸ்பானிஷ் படித்துவிட்டு வந்த எனக்கு முதல் மாதம் பாதிகூடப் புரியவில்லை.

ஒரு இரவு, தக்காளி ஏற்றிய குளிர்பதன டிரெய்லர் ஒன்று கிளம்பத் தயாராக நின்றது. மெக்சிகோ தாளில் வெப்பநிலை 10 என்று இருந்தது. ஆங்கிலம் மட்டுமே தெரிந்த புது ஓட்டுநர் குளிர்பதனக் கருவியிலும் 10 என்றே அழுத்திவிட்டார். தாளில் இருந்தது செல்சியஸ், கருவியில் இருந்தது ஃபாரன்ஹீட். 50 வைத்திருக்க வேண்டும். 10 ஃபாரன்ஹீட் என்றால் பூஜ்யத்துக்குக் கீழே 12 செல்சியஸ். போய்ச் சேருவதற்குள் தக்காளி கல்லாகியிருக்கும். சுமை ஏற்றிய தொழிலாளி ஒருவர் திரையைப் பார்த்துவிட்டுக் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். வழியனுப்புகிறார் போலும் என்று நினைத்த ஓட்டுநர் பதிலுக்குக் கையசைத்தார். வாசலில் நின்ற இன்னொரு ஓட்டுநருக்கு அந்தக் கத்தல் புரிந்ததால், தன் வண்டியைக் குறுக்கே நிறுத்தினார். அவருக்கு அதற்காக ஒரு சென்ட்கூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை. விளம்பரத்தைப் பார்த்துப் போகிறவர்கள், இரண்டாவது மொழிக்குத் தனியாகச் சம்பளம் உண்டா என்று சேரும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

பொதுமக்களிடம் பேசவும், சாலைப் பலகைகளைப் புரிந்துகொள்ளவும், அதிகாரி கேட்டால் பதில் சொல்லவும், பதிவேட்டில் எழுதவும் ஓட்டுநருக்குப் போதிய ஆங்கிலம் வேண்டும் என்பது கூட்டாட்சி அரசின் பழைய விதி. 2016-ல் வந்த ஒரு சுற்றறிக்கைக்குப் பிறகு, ஆங்கிலம் போதவில்லை என்பதற்காக மட்டும் வண்டியை வழியில் நிறுத்திவைக்காமல் இருந்தார்கள். 2025 ஏப்ரலில் அதிபர் டிரம்ப் பிறப்பித்த உத்தரவால் அது மாறியது. ஜூன் 25 முதல், சோதனையில் தேறாதவர் அந்த இடத்திலேயே ஸ்டியரிங்கை விட்டு இறங்க வேண்டும். முதலில் ஆங்கிலத்தில் கேள்விகள், அடுத்து சாலைக் குறியீடுகள். கேள்விகளுக்கு மொழிபெயர்ப்பாளரையோ கைபேசிச் செயலியையோ வைத்துக்கொள்ள முடியாது. எல்லையை ஒட்டிய வணிக மண்டலத்துக்குள் ஓடும் வண்டிகளுக்கு மட்டும் ஒரு சலுகை: குற்றச்சீட்டு வரலாம், வண்டியை நிறுத்த மாட்டார்கள்.

முன்பெல்லாம் எங்கள் ஆளெடுக்கும் பிரிவு, வருகிறவருக்கு ஸ்பானிஷ் எவ்வளவு தெரியும் என்று பார்க்கும். இப்போது அதே 'இருமொழி' வேலைக்கு அதிகாரியைப்போல நின்று ஆங்கிலத்தில் கேள்வி கேட்டுப் பார்க்கிறார்கள். போன ஆண்டு, பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் வந்திருந்தார். எங்கிருந்து வருகிறாய், என்ன சரக்கு என்பதற்கெல்லாம் மனப்பாடமாகப் பதில் வந்தது. கடைசியாக எப்போது ஓய்வெடுத்தாய் என்று வரிசையில் இல்லாத ஒன்றைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவரை அந்த வணிக மண்டலத்துக்குள்ளேயே ஓடும் டிரான்ஸ்ஃபர் வண்டிக்குப் போட்டோம். இரவில் வீட்டுச் சாப்பாடு கிடைக்கிறது, ஆனால் மைல் இல்லையே என்கிறார். இங்கே நெடுந்தூர ஓட்டுநருக்குப் பெரும்பாலும் மைல் கணக்கில்தான் கூலி.