சேகரக் கமிட்டிக்கு நிற்பது பெருமையா?

நில்லுங்கள், தப்பில்லை. ஏற்காட்டில் உங்கள் சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியின் செயலாளர் பதவிக்கு ஆசைப்படுவதே பாவமோ என்று கேட்டிருந்தீர்கள். கண்காணிப்பை (சபையை மேற்பார்க்கும் பொறுப்பை) விரும்புகிறவன் நல்ல வேலையை விரும்புகிறான் என்கிறது 1 தீமோத்தேயு 3:1. "வேலை" என்ற சொல்லைக் கவனியுங்கள்.

உங்களை உறுத்துவது அநேகமாக பிலிப்பியர் 2:3, எதையும் வாதினாலோ வீண்பெருமையினாலோ செய்யாதீர்கள் என்று பவுல் எழுதிய வசனம். பழைய மொழிபெயர்ப்பில் "வாது" என்று வருவதற்குக் கிரேக்கத்தில் எரிதேயா. அரிஸ்டாட்டில் இதே சொல்லைப் பதவிக்காக ஆள் பிடிப்பதற்குப் பயன்படுத்துகிறார். ஹெராயா என்ற பழைய கிரேக்க ஊரில் அந்தத் தொல்லை தாங்காமல் தேர்தலை விட்டுச் சீட்டுக் குலுக்கலுக்கே போனார்களாம். பவுல் கண்டிப்பதும் இந்தக் கோஷ்டி சேர்ப்பைத்தான். (நம் சபைத் தேர்தல்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.)

ஒரு சோதனை: நாலு ஞாயிறு, அறிவிப்பில் பெயர் வராத வேலை ஒன்றை எடுங்கள். ஆராதனை முடிந்ததும் பாய் சுருட்டுவது, சேலம் பஸ் பிடிக்கவேண்டிய பெரியவர்களை ஸ்டாண்டில் கொண்டுபோய் விடுவது. மூன்றாம் வாரமே "யாரும் கவனிக்கலையே" என்று எரிச்சல் வந்தால் இந்த முறை விட்டுவிடுங்கள்.

அதற்காக "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லித் திரியவேண்டாம். கணக்கு எழுதத் தெரிந்தால் தெரியும் என்றே சொல்லுங்கள்.

ஒன்று மட்டும். ஏற்கெனவே இரண்டு கோஷ்டி இருந்து, அதில் ஒன்று உங்களை நிறுத்துகிறதென்றால், முதலில் ஆயரிடம் பேசிவிட்டு மனு கொடுங்கள்.